சரணத்தின் கடைசி வரி

பதுளைக் கோயில் மண்டபத்தில் என்னிடம் படித்துவிட்டுக் கொழும்புக்குப் படிக்கப் போன மாணவி சாந்தியின் கச்சேரி. முன்வரிசையில் இருந்த எனக்குப் பாதியிலேயே எழுந்து போய்விடலாம் போலிருந்தது. அவள் பாடிக்கொண்டிருந்தது நான் இயற்றிய மோகன ராகப் பாட்டு. பல்லவி, அனுபல்லவி எல்லாம் சரி. சரணத்தின் கடைசி வரியில் மட்டும் என்னைக் காணவில்லை.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பாட்டு இயற்றுகிறவர் தன் அடையாளமாக ஒரு சொல்லைச் சரணத்தில் வைப்பார். அதற்கு முத்திரை என்று பெயர். என் முத்திரை 'கொழுந்தெடுப்பவள் மகள்'. அம்மா ஹாலிஎலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துத்தான் என்னைப் பாட்டுப் படிக்க வைத்தாள். பள்ளிக்கூடத்தில் சங்கீத டீச்சராக இருந்த காலமெல்லாம் மேடைக்காரர்கள் என்னைக் கடவுள் வாழ்த்துக்கு மட்டும்தான் கூப்பிட்டார்கள். போகட்டும், பாட்டிலாவது அம்மா இருப்பாள் என்று நினைத்தேன்.

அந்த இடத்தில் சாந்தி 'வேலவன் அடியாள்' என்று பாடினாள். கைதட்டல். டவுனில் கடை வைத்திருக்கும் கோயில் தலைவர் என் பக்கம் சாய்ந்தார்.

"கொழும்புல படிச்ச புள்ளன்னா சும்மாவா டீச்சர்? இப்படி ஒரு பாட்டு நம்ம பக்கம் யாராவது போடுவாங்களா?"

"போட மாட்டாங்க முதலாளி" என்றேன்.

கச்சேரி முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போனேன். சாந்தி காலில் விழுந்து கும்பிட்டாள்.

"முத்திரைய ஏம்மா மாத்துன?"

"கோவிச்சுக்காதீங்க டீச்சர். அந்த வரியப் பாடினா, நீ லயத்துப் புள்ளயான்னு கேக்குறாங்க."

"ஹல்துமுல்லைத் தோட்டத்து லயத்துல, கூலிக்காரங்க வரிசை வீட்டுல பொறந்தவதானே நீ?"

"அதான் டீச்சர் பயமா இருக்கு."

அவளை அப்படிப் பயப்பட வைத்தவர்களை எனக்கும் தெரியும். ஆனாலும் பண்டாரவளையில் என் வீட்டுக்கு வந்து சேரும்வரை ஆத்திரம் அடங்கவில்லை. வெட்டி எறிந்தது என் அம்மாவை அல்லவா!

பாட்டு இயற்றும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: முத்திரையைக் கடைசியில் வைக்காதீர்கள். நான் இப்போது பல்லவியின் முதல் வரியிலேயே வைக்கிறேன். யார் பாடினாலும் திரும்பத் திரும்ப அங்கேதான் வந்தாக வேண்டும். அம்மாவை எடுக்க வேண்டுமென்றால் பாட்டையே விட வேண்டும்.

அப்படிப் போட்ட புதுப் பாட்டுகளைச் சாந்திக்குப் பாடி அனுப்பினேன். ரொம்ப நல்லா இருக்கு டீச்சர் என்று பதில் வந்தது. இன்றுவரை ஒன்றையும் அவள் மேடையில் பாடவில்லை.