புலிக்குக் குளியல்

அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, சேக்காட்டில் எங்கள் வீட்டோடு இருந்தபோது ஐந்து மிருகங்கள் வைத்திருந்தார். ஐந்தும் தங்கம். யானை, சிங்கம், மான், கரடி, கடைசியாக வந்த புலி. வெளிநாடுகளில் ஞாபகார்த்தமாக அடிக்கிற நாணயங்கள். ஒவ்வொன்றும் சட்டைப் பொத்தான் அளவுதான். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பாக்டரியில் அவருக்கு வேலை. போனஸ் வந்தால் மற்றவர்கள் டிவி வாங்குவார்கள், இவர் ஒரு மிருகம் வாங்குவார். பிளாஸ்டிக் கூட்டுக்குள் இருக்கும் அவற்றுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் தரிசனம். பார்க்கலாம், தொடக்கூடாது. ஏன் என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

அம்மாவுக்கு இது பொறுக்காது. "தங்கம்னா கழுத்துல கெடக்கணும்டா. உன்னுது டப்பாவுல தூங்கினு கீது" என்பாள். மாமா சிரித்துக்கொண்டே டப்பாவை மூடுவார்.

நான் மூன்றாவது படிக்கும்போது முகப்பேரில் ஒரு மண்டபத்தில் நாணயக் கண்காட்சி வந்தது. ஐந்தும் தேறினால் நடுக் கண்ணாடிப் பெட்டியில், மாமா பெயர் எழுதிய சீட்டோடு வைப்பார்களாம். அடேயப்பா! மாமாவுக்கு ஒரு வாரமாகத் தூக்கமே இல்லை. எனக்கோ தலைகால் புரியவில்லை. வகுப்பில் ஒருத்தி பாக்கியில்லாமல் சொல்லித் தீர்த்துவிட்டேன்.

கண்காட்சிக்கு முதல் நாள் சனிக்கிழமை. மாமா வேலைக்குப் போயிருந்தார். டப்பா மேஜைமேல் தயாராக இருந்தது. திறந்து பார்த்தால் புலியின் முதுகில் சிவப்பாக ஒரு புள்ளி! இந்த அழுக்கோடு போனால் மாமா மானம் என்ன ஆவது?

நல்லவேளை, மாங்காடு கோயிலுக்குப் போட்டுக்கொண்டு போக அம்மா தன் செயினைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறப்போட்டிருந்தாள். எங்கள் வீட்டில் தங்கம் என்றால் அப்படித்தான் கழுவுவது. அம்மா மாடிக்குத் துணி காயப்போடப் போன நேரம், கூட்டை நகத்தால் நெம்பித் திறந்து புலியையும் அதே தண்ணீரில் போட்டேன். பழைய பிரஷ்ஷில் கொஞ்சம் பல்பொடியும் தொட்டுக்கொண்டு, நுரை பொங்கப் பொங்கத் தேய்த்தேன். கை வலிக்க வலிக்கத் தேய்த்தேன். புள்ளி போயே போய்விட்டது! புலியைத் துடைத்து மறுபடி கூட்டில் போட்டு மூடினேன். யாரிடமும் மூச்சு விடவில்லை. நாளைக்கு எல்லோரும் வாயைப் பிளக்கும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

மறுநாள் மண்டபத்தில் கண்ணாடிப் பெட்டி காலியாகக் காத்திருந்தது. லென்ஸோடு உட்கார்ந்திருந்தவர் யானையைப் பார்த்தார், தலையாட்டினார். சிங்கம், மான், கரடி எல்லாம் தேறின. புலியை எடுத்தவர் லென்ஸை இறக்கவே இல்லை.

"இன்னா சார் இது? ஒடம்பெல்லாம் கீறலாக் கீது. தேச்ச காசை எவன் சார் பொட்டில வெப்பான்? யாரு தேச்சது?"

கடைசிக் கேள்வி மட்டும்தான் என் காதில் ஏறியது. நான் பெருமையாக ஒரு அடி முன்னால் வந்தேன். மாமா என்னைப் பார்த்தார். என் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"நான்தான் சார். தெரியாம தேச்சிட்டேன்."

"இவ்ளோ வருசமா சேர்க்கறீங்க, இதுகூடவா தெரியாது?" என்றார் அவர். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். மாமாவும் தலையைக் குனிந்து சிரித்தார்.

எனக்கு வந்ததே கோபம்! தேய்த்தது நான், கை வலித்தது எனக்கு, பெயர் மட்டும் இவருக்கா? அவர் வாங்கித் தந்த ஐஸ்கிரீமைத் தொடவில்லை. வீடு வரும்வரை பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தேன்.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது சொன்னேன். "நான் தேச்சதை நீ தேச்சேன்னு ஏன் மாமா பொய் சொன்னே?"

மாமா என் செருப்பையும் எடுத்து ஓரமாக வைத்தார். "தப்புதான் பாப்பா. மன்னிச்சுக்கோ" என்றார்.

உடனே மன்னித்துவிடவில்லை நான். மூன்று நாள் பேசாமல் இருந்துவிட்டு, அப்புறம்தான் போனால் போகிறதென்று மன்னித்தேன்.