தோளில் ஒரு சூட்டுத் தடம்

முன்னறையில் சாவிக்கொத்து குலுங்கியது.

சமையலறையில் உட்கார்ந்து நாளைக்குப் போட வேண்டிய செருப்புக்குப் பாலிஷ் தேய்த்துக்கொண்டிருந்தவளின் கை, அவளைக் கேட்காமலேயே வேகமெடுத்தது. அது பெரியப்பாவின் சாவிக்கொத்து. அவருடைய சலவைக் கடையில் அந்தச் சத்தம் கேட்டால் போதும், இஸ்திரி மேசையில் நிற்கிற அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டு குனிந்துகொள்வார்கள். கடையைவிட்டு வந்து ஏழு வருடமாகியும் கையைவிட்டு அந்தப் பயம் போகவில்லை. அதை நினைத்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பிரஷ்ஷைக் கீழே போட்டாள். வேண்டுமென்றே மெதுவாகக் கை கழுவினாள். காத்திருக்கட்டும். நான் காத்திருக்கவில்லையா?

அப்பா இறந்த பிறகு அம்மாவையும் அவளையும் தன் வீட்டில் சேர்த்துக்கொண்டவர் பெரியப்பா. ஊரே அவரை மகராசன் என்றது. கடைக்குச் சம்பளம் இல்லாமல் இரண்டு ஆள் கிடைத்தது ஊருக்கு எங்கே தெரியும்! பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவுக்குக் கறுப்பு அங்கிகளை வாடகைக்குக் கொடுப்பது அவர் கடைதான். யார் யாரோ போட்டுக் கழற்றிய அங்கிகளின் கழுத்து அழுக்கை வருடா வருடம் தேய்த்துத் தேய்த்து அவள் நகம் தேய்ந்தது.

அவளுக்கே அந்தப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த அன்று, ஆசை தாங்காமல் ஓர் அங்கியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கண்ணாடி பார்த்தாள். பெரியப்பா பார்த்துவிட்டார். கடை நிறைய வாடிக்கையாளர்கள். எல்லோர் முன்னிலையிலும் அதை உருவி எடுத்தார்.

“துவைக்கத்தான் குடுத்தேன், போட்டு அழகு பாக்க இல்ல. அழுக்கு எடுக்கிற கைக்குப் பட்டம் ஒரு கேடா?”

கடையே சிரித்தது. படிப்புக்கு ஒரு காசு தரமாட்டேன் என்று அங்கேயே சொல்லியும்விட்டார். அன்று சாயங்காலமே அம்மாவைக் கூட்டிக்கொண்டு வெளியேறினாள். ‘உங்க கண்ணு முன்னாலயே அதைப் போட்டுக் காட்டுறேன்’ என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்ன சொல் அது.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை கிடைத்தது. பகலெல்லாம் ரத்தக்கறை படிந்த விரிப்புகள், சாயங்காலம் வகுப்பு. பஸ்ஸுக்குக் காசு இல்லாத நாளில் நடை. பணம் கட்ட முடியாத பருவத்தில் படிப்பு நின்றது. பணம் சேர்ந்ததும் மறுபடி தொடங்கியது. கூடப் படித்தவர்கள் முடித்துவிட்டுப் போய் வேலையில் அமர்ந்தார்கள். அவள் மட்டும் அதே பெஞ்சில், புது முகங்களுக்கு நடுவில், எல்லோருக்கும் அக்காவாக உட்கார்ந்திருந்தாள். விட்டுவிடலாம் என்று தோன்றும்போதெல்லாம் அந்தச் சிரிப்புச் சத்தம் காதில் கேட்கும். எழுந்து புத்தகத்தை எடுப்பாள். பாசம் படிக்க வைத்த பிள்ளைகள் உண்டு. இவளைப் படிக்க வைத்தது வன்மம்.

வன்மமும், சோடா அக்காவும். சலவைக்கூடத்தில் பெரிய மெஷினைப் பார்த்துக்கொள்கிறவள். சலவைச் சோடாவை அளக்காமல் கையால் அள்ளிப் போடுவதால் அந்தப் பெயர். இவள் பொருளாதாரப் பாடத்தை உரக்கப் படித்தால், “விலை ஏறினா வாங்குறது குறையுமாம். இதைச் சொல்ல ஒரு புஸ்தகமா? என் வீட்டு அடுப்பைக் கேளுடி, அது சொல்லும்” என்பாள். பரீட்சை வந்தால் இவளுடைய வேலையையும் சேர்த்துப் பார்ப்பாள். ஒருமுறை பரீட்சைக் கட்டணத்துக்கு வழியில்லாமல் இவள் முழித்தபோது தன் தையல் மெஷினை விற்றுவிட்டு வந்தாள். அது துருப்பிடித்துக் கிடந்ததாக வாய் கூசாமல் பொய்யும் சொன்னாள்.

இவள் முன்னறைக்கு வந்தாள். பெரியப்பா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். மடியில் கண்ணாடிக் காகிதம் சுற்றிய அங்கி. சுவரோரம் அம்மா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

“வா பாப்பா” என்றார். இதுவரை ‘ஏய்’ என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லிக் கூப்பிட்டறியாத வாய்.

சுற்றி வளைத்துத்தான் விஷயத்துக்கு வந்தார். மகனுக்குப் பெண் பேசியிருக்கிறார்கள். பெண்ணின் அப்பா அதே பல்கலைக்கழகத்தில் பேராசிரியர், படிப்புக்கு மதிப்புக் கொடுக்கிற மனிதர். நாளை இவள் பட்டம் வாங்கும் விழாவில் மேடைக்கு எதிரே முதல் வரிசையில் இருப்பார். பட்டம் வாங்குகிறவர்களின் குடும்பத்துக்கு ஆளுக்கு இரண்டு இருக்கை. அதில் ஒன்று பெரியப்பாவுக்கு வேண்டும்.

“அவர்கிட்ட என்ன சொல்லி வச்சிருக்கீங்க?” என்று கேட்டாள்.

அவர் தரையைப் பார்த்தார். “தம்பி மகளை நான்தான் படிக்க வச்சேன்னு… ஒரு பேச்சுக்குச் சொன்னேன். நாளைக்கு ஹால்ல பாப்போம்னுட்டார்.”

“ஒண்ணு அம்மாவுக்கு. இன்னொண்ணு சோடா அக்காவுக்கு.”

“ஆஸ்பத்திரித் துணி துவைக்கிறவளா? அவளுக்கு அங்க என்ன புரியும்?”

அம்மாவின் கை பிசைவதை நிறுத்தியது. பெரியப்பா அவசரமாக எழுந்து அங்கியை நீட்டினார். கோபப்படாதே, வாடகைகூட வேண்டாம், ஆள் யாரையும் விடாமல் நானே தேய்த்துக் கொண்டுவந்தேன் என்றார்.

அவள் காகிதத்தைப் பிரித்து அங்கியை உதறினாள். வலது தோளில், கறுப்புத் துணியின் மேல், இஸ்திரிப்பெட்டியின் அடிப்பாகம் அப்படியே பளபளவென்று பதிந்திருந்தது. கறுப்புத் துணியை உள்பக்கம் திருப்பிப் போட்டுத்தான் தேய்க்க வேண்டும். இஸ்திரி மேசைக்கு வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுப்பது அது. கல்லாவைவிட்டு எழுந்திராத மனிதர், வாழ்க்கையில் முதல்முறையாகப் பெட்டியைப் பிடித்திருக்கிறார். அதையும் இவளுக்காக!

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிக்கும்வரை அவரை நிற்க வைத்தாள்.

“வேற அனுப்பி வைக்கிறேன் பாப்பா.”

“வேணாம் பெரியப்பா. இதையேதான் போட்டுக்கப் போறேன். தோள்ல என்ன தடம்னு யாராவது கேப்பாங்க. உங்க சம்பந்தி கேட்டாலும் நல்லதுதான். எங்க பெரியப்பா தேச்சதுன்னு சொல்றேன். என் படிப்புக்காக அவர் செஞ்ச ஒரே காரியம் இதுதான்னும் சேத்துச் சொல்றேன்.”

அவர் முகத்தில் ஈயாடவில்லை. அந்த முகத்தை அவள் ஆற அமரப் பார்த்தாள். இத்தனை வருடம் நெஞ்சுக்குள் கிடந்த நெருப்பு அணைந்துவிடவில்லை. ஆனால் இன்று அது அவளைச் சுடவில்லை. குளிர் காய இதமாக இருந்தது.

பெரியப்பா அம்மாவிடம் திரும்பினார். “நீயாவது சொல்லும்மா. உங்களுக்குச் சோறு போட்டவன் நான்.”

அவர் குரல் உயர்ந்தாலே நடுங்குகிற அம்மா, அன்றைக்கும் குரலை உயர்த்தவில்லை. வாசலுக்கு நடந்துபோய்க் கதவை அகலத் திறந்தாள்.

“நாங்க காலைல சீக்கிரம் கிளம்பணும் அத்தான். போற வழியில சோடா அக்காவையும் கூட்டிட்டுப் போகணும்.”

பெரியப்பா செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். தெருவில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

அம்மா கதவைச் சாத்தித் தாழ்ப்பாளையும் போட்டாள்.