விளக்கைப் போட்டவள்

கல்லூரி வாசலில் கட்டியிருந்த ஃப்ளெக்ஸில் என் காது இருந்தது. முகமும் இருந்தது, ஆனால் பாதிதான். பக்கவாட்டில் நின்று எடுத்த படம். காதுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் பழுப்பு நிற மெஷின் நன்றாகத் தெரியும்படி பெரிதாக்கிப் போட்டிருந்தார்கள். மேலே 'அனைவரும் சமம், அனைவரும் நலம்'. கீழே, நூலகத் தகவல் அறிவியல் துறை மாணவர்களுக்கான ஒருநாள் நிகழ்ச்சி என்று கொட்டை எழுத்தில்.

என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. படம் எடுத்ததே எனக்குத் தெரியாது. கல்லூரி நூலகத்தின் பின்னறையில் நான் புத்தகங்களுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தபோது யாரோ எடுத்திருக்கிறார்கள்.

அதை முதலில் பார்த்தது அப்பா. முதல் ஷிப்ட் முடிந்து மொபெட்டில் அந்த வழியாக வந்தவர் வண்டியை நிறுத்திப் பார்த்திருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் என் எதிரில் நின்று சொன்னார்.

"வாசல்ல உன் போட்டோ போட்டுக்கிறாங்கம்மா. போறவங்க வரவங்கல்லாம் பாத்துக்கினு போறாங்க. நீ எதுக்கு அந்தாண்ட திரும்பிக்கினு நிக்கிற?"

அவருக்கு அதில் பெருமையும் இருந்தது, ஏதோ சரியில்லை என்ற சந்தேகமும் இருந்தது.

எனக்கு ஆறு வயதில் மூளைக்காய்ச்சல் வந்து காது போனது. முழுவதுமாகப் போகவில்லை. மெஷின் வைத்தால் சத்தம் வரும், ஆனால் பேச்சு வராது. ஃபேன் ஓடுவது, நாற்காலி இழுபடுவது, பக்கத்தில் ஒருவர் இருமுவது, எதிரில் இருப்பவர் பேசுவது எல்லாம் ஒரே குவியலாக வந்து கொட்டும். அதில் பேச்சை மட்டும் பொறுக்கி எடுக்க எனக்குக் கண் வேண்டும். உதடு, தாடை, புருவம் எல்லாவற்றையும் பார்த்துத்தான் நான் கேட்கிறேன். அதிலும் 'பணம்' என்றாலும் 'மணம்' என்றாலும் உதட்டில் ஒன்றுதான். முன்பின் பேச்சை வைத்து ஊகித்துக்கொள்ள வேண்டும். ஊரெல்லாம் மாஸ்க் போட்டுத் திரிந்த காலத்தில் நான் உலகத்துக்கு வெளியே இருந்தேன்.

அப்பா சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி. கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்துவதை அள்ளிப்போடும் வேலை. அம்மா முந்திரி உடைக்கப் போகிறாள். அவர்களுக்கு முந்தியவர்கள் அத்தனை பேரும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். சுரங்கக் கம்பெனி டவுன்ஷிப்பின் நம்பர் போட்ட பிளாக்குகளும் மரம் அடர்ந்த சாலைகளும் முடிகிற இடத்தைத் தாண்டி எங்கள் வீடு. அங்கிருந்து பஸ் ஏறிப் போய் நான் நூலக அறிவியல் படித்தேன்.

அந்தப் படிப்பில் சேர்ந்ததும் சொல்லிவைத்தாற்போல் எல்லாரும் சொன்னது ஒன்றுதான். "நல்ல கோர்ஸ். லைப்ரரில சத்தமே இருக்காது, உனக்கு ஏத்தது." எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அமைதி என்னிடமே வேண்டிய மட்டும் இருக்கிறது. அதைத் தேடி நான் ஏன் படிக்கப் போக வேண்டும்? எனக்கு வேண்டியது ஆட்கள். வாசலைத் தாண்டி உள்ளே வந்து, எதை எங்கே தேடுவது என்று தெரியாமல் விழிக்கிறவர்கள். அவர்களுக்கு வேண்டியதைக் கண்டுபிடித்துக் கையில் கொடுக்கிற வேலை எனக்குப் பிடித்திருந்தது.

ஆனால் அந்த வேலை கவுண்டரில்தான் இருந்தது. எங்கள் வகுப்பில் எல்லாரும் முறை வைத்துக் கவுண்டரில் பயிற்சி எடுத்தார்கள். என்னை மட்டும் துறைத் தலைவர் பின்னறைக்கு அனுப்பினார். "வர்றவங்க கேக்கறது உனக்குப் புரியாதும்மா. உனக்குத்தான் கஷ்டம்." லேபிள், கோந்து, கத்தரிக்கோல், நான்.

சார் கெட்டவர் இல்லை. இதைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் கெட்டவரோடு சண்டை போடுவது சுலபம். மெஷினுக்கு பேட்டரி கிடைக்கவில்லை என்றால் புதுச்சேரியிலிருந்து வாங்கி வந்து தருவார். தரும்போது இன்னொருவரிடம் பேசியபடி தருவார். எனக்கு நன்றி சொல்லக்கூட முகம் கிடைக்காது.

நிகழ்ச்சி அன்று என்னை மேடையில் உட்கார வைத்தார்கள். அதுவும் ஓரத்து நாற்காலியில். பேசியவர்கள் எல்லாரும் முன்னால் போய்க் கூட்டத்தைப் பார்த்துப் பேசினார்கள். எனக்குத் தெரிந்தது அவர்களுடைய முதுகுதான். என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பது, கீழே இருந்தவர்கள் அவ்வப்போது என்னைப் பார்த்துக் கைதட்டியதில் புரிந்தது.

மூன்றாவது வரிசையில் என் தோழி இருந்தாள். காடாம்புலியூர்க்காரி. முதல் நாளே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நான் மூஞ்சப் பாத்துப் பேசுறன், நீ எனக்குக் கணக்குச் சொல்லிக்குடு" என்று ஒப்பந்தம் போட்டவள். அவள் கீழேயிருந்து குரல் இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்து எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். "உன்ன... தன்னம்பிக்கையின்... சிகரம்னு... சொல்றாரு." பிறகு கண்ணை உருட்டி, "சிரி, சால்வை வருது" என்றாள். சால்வை வந்தது.

மதியம் மன அழுத்தம் போக்கும் பயிற்சி. சென்னையிலிருந்து வந்திருந்தவர் வெள்ளை ஜிப்பா போட்டிருந்தார். மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்திருந்ததால் அவருடைய உதடே எனக்குத் தெரியவில்லை. எல்லாரையும் தரையில் பாய் விரித்து உட்காரச் சொன்னார்கள். நான் மேடையிலிருந்து இறங்கிப் போய்க் காடாம்புலியூர்க்காரிக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டேன். "கண்ண மூடணுமாம்" என்றாள். சுற்றிலும் கண்கள் மூடின. அவள் மட்டும் எனக்காகத் திறந்து வைத்திருந்தாள்.

அடுத்து ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டு விளக்குகளை அணைத்தார்கள்.

அவளுடைய முகம் போய்விட்டது. காதில் ஒரு முழக்கம் மட்டும் மிஞ்சியது. அது அவர் பேச்சா, பாட்டா, ஃபேனா என்று தெரியவில்லை. அந்த இருட்டில் அத்தனை பேரும் ஏதோ ஒரு இடத்துக்குச் சேர்ந்து போய்க்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் கிளம்பிய இடத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பொறுத்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். பழக்கம் இல்லாததா என்ன?

அப்போது பின்னாலிருந்து இரண்டு விரல்கள் வந்து என் இமைகளைத் தொட்டு மெதுவாக மூடின.

நான் கண்ணைத் திறந்து வைத்திருப்பது வரிசைகளுக்கு நடுவே நடந்து வந்த ஜிப்பாக்காரருக்குத் தெரிந்துவிட்டது. மூடாத பிள்ளைக்கு உதவி செய்கிறார். அவ்வளவுதான். ஆனால் அந்த விரல்கள் பட்டதும் என் உடம்பு முழுக்க எரிந்தது. அவர் மூடியது என் காதை. யாருக்கும் அது தெரியவில்லை.

எழுந்தேன். பாய்களையும் கால்களையும் தாண்டிச் சுவரைத் தடவிக்கொண்டு போனேன். ஸ்விட்ச் போர்டு கையில் பட்டதும் இருந்த ஸ்விட்ச் எல்லாவற்றையும் போட்டேன்.

டியூப்லைட்டுகள் ஒவ்வொன்றாகக் கண்சிமிட்டி எரிந்தன. எல்லாரும் முகத்தைச் சுளித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். ஒருவன் நிஜமாகவே தூங்கிப்போயிருந்தான்.

"எனக்குக் கேக்கறது கண்ணாலதான் சார்," என்றேன். "லைட்ட அணைச்சா நான் இங்க இல்ல. லைட் எரியட்டும். நீங்க மைக்கைக் கொஞ்சம் கீழ எறக்கிப் பேசுங்க."

என் குரல் எவ்வளவு உயரும் என்று எனக்குத் தெரியாது. அன்று அது வராண்டா வரைக்கும் போனதாகக் காடாம்புலியூர்க்காரி பிறகு சொன்னாள்.

அவர் மைக்கை இறக்கினார். அதனால் அவர் சொன்னதை நானே நேரடியாகப் பார்க்க முடிந்தது. "எல்லாரும் அமைதியா இருக்கற இடத்துல இவ்வளவு கோபமா? கொஞ்ச நேரம் பொறுத்துக்கக் கூடாதாம்மா?"

"பொறுத்துக்கறதுக்கு நான் இங்க எதுக்கு வரணும் சார்? என் போட்டோ வாசல்ல இருக்கு. நான் உள்ள இருக்க வேண்டாமா?"

அவர் துறைத் தலைவரைப் பார்த்தார். துறைத் தலைவர் தரையைப் பார்த்தார். டீயும் பிஸ்கட்டும் சீக்கிரமாகவே வந்துவிட்டன.

மாலையில் சார் அறைக்குக் கூப்பிட்டார். கோபப்படவில்லை, வருத்தப்பட்டார். அதுதான் தாங்க முடியாதது. "உனக்காகத்தானேம்மா இவ்வளவும் பண்ணேன். அவர் மனசு நொந்து போயிட்டார். நாளைக்குக் காலையில போன் போட்டுத் தர்றேன். ஒரு சாரி சொல்லிடு."

"போன்ல எனக்குக் கேக்காது சார்."

"நீ கேக்க வேண்டாம். சொன்னா போதும்."

சொல்லிவிட்டு அவர் ஒரு ஃபைலைப் பிரித்தார். தான் சொன்னது தனக்கே கேட்கவில்லை அவருக்கு.

வீட்டில் சொன்னதும் அப்பா பயந்துபோனார். வருஷக்கணக்காகக் கான்ட்ராக்டில் இருப்பவருக்கு எந்த மேஜையைப் பார்த்தாலும் பயம்தான். "ஒரு வார்த்த தானம்மா. சொல்லிட்டு வந்துடு. படிப்பு முடியட்டும்."

அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். முந்திரிக் கொட்டை ஓட்டின் பால் பட்டுக் கருத்துத் தோல் உரிந்த விரல்களை முந்தானையில் துடைத்தபடி என் முன்னால் குந்தினாள். நான் பார்க்கும்படி நிதானமாகப் பேசினாள். "இன்னாத்துக்கு சொல்லணும்? லைட்டப் போட்டது ஒரு குத்தமா? அவன் யாரு எம் பொண்ணு கண்ண மூடறதுக்கு?" பிறகு அப்பா பக்கம் திரும்பினாள். "நீ சும்மா இருய்யா. நாமதான் எல்லாத்துக்கும் தலய ஆட்டிக்கினு வந்துட்டோம். அவளும் ஆட்டணுமா?"

அப்பா சாப்பிடும்போது தன் தட்டிலிருந்த கருவாட்டை எடுத்து என் தட்டில் வைத்தார்.

மறுநாள் சார் போன் போட்டு, இரண்டு வார்த்தை பேசிவிட்டு என்னிடம் நீட்டினார். வாங்கி வாய்க்கு நேராகப் பிடித்தேன்.

"வணக்கம் சார். அடுத்த தடவை லைட்ட அணைக்காம நடத்துங்க. நான் கண்டிப்பா வருவேன்."

போனைத் திருப்பிக் கொடுத்தேன். அந்தப் பக்கம் அவர் என்ன சொன்னார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சாரின் முகத்தைப் பார்த்தால் நல்லதாக எதுவும் இல்லை என்று புரிந்தது. சார் வெளியே போகலாம் என்று கையை மட்டும் ஆட்டினார்.

அங்கிருந்து நேராக நூலகத்துக்குப் போனேன். பின்னறைக்குப் போகவில்லை. அன்று கவுண்டர் முறை காடாம்புலியூர்க்காரிக்கு. என்னைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் எழுந்தாள். "ஒக்காரு. லேபிள் ஒட்டி நாளாச்சு எனக்கு," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சற்று நேரத்தில் முதலாண்டு பையன் ஒருவன் வந்து குனிந்தபடி ஏதோ கேட்டான். "மூஞ்சியக் காட்டிக் கேளு தம்பி," என்றேன். நிமிர்ந்து கேட்டான். 'பாட்டு' என்று எனக்குப் பிடிபட்டது. இசைப் புத்தகங்கள் இருக்கும் அலமாரியைக் காட்டினேன். அவன் சிரித்துவிட்டான். இரண்டு கையாலும் தலையில் கொம்பு வைத்துக் காட்டினான். மாட்டுப் பண்ணை வைப்பது பற்றிப் புத்தகம் வேண்டுமாம். நானும் சிரித்தேன். எடுத்துக் கொடுத்தேன்.

திரும்பினால் சார் நின்றுகொண்டிருந்தார். எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார்.

"இதுக்குத்தான் சொன்னேன்," என்றார்.

"தப்பாப் புரிஞ்சா திரும்பக் கேக்கறேன் சார். காது கேக்கறவங்களும் அப்படித்தானே?"

"யாரு உன்னை இங்க உட்காரச் சொன்னது?"

"யாரும் சொல்லல சார். அதான் நானே உக்காந்துட்டேன்."

எழுந்திரு என்று சொல்வார் என்று காத்திருந்தேன். எழுந்திருக்கப் போவதில்லை என்றும் முடிவு செய்திருந்தேன். கவுண்டரின் விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அவர் சொல்லவில்லை. புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு எங்களை மாறி மாறிப் பார்த்த அந்தப் பையனை ஒருமுறை பார்த்தார். போய்விட்டார். மறுவாரம் ஒட்டிய பயிற்சி அட்டவணையில் கவுண்டருக்கு நேராக என் பெயரும் இருந்தது. அவர் என்னோடு பேச மட்டும் பல வாரங்கள் ஆயின.

அடுத்த ஆண்டும் அந்த நிகழ்ச்சி வந்தது. அப்போது நான் கடைசிப் பருவத்தில் இருந்தேன். இந்தத் தடவை சார் கவுண்டருக்கே வந்து, என் எதிரில் நின்று, முகத்தைக் காட்டிக் கேட்டார். "என்னென்ன செய்யணும்னு சொல்லு."

சொன்னேன். மைக்குக்கு ஸ்டாண்டு வேண்டும். விளக்கு எரிய வேண்டும். முன்வரிசையில் எனக்கு இடம் வேண்டும், மேடை வேண்டாம். பேசுவதை ஒருவர் உடனுக்குடன் டைப் அடித்துத் திரையில் காட்ட வேண்டும். யார் படத்தையும் கேட்காமல் போடக் கூடாது.

"டைப் அடிக்கறதுக்கெல்லாம் ஆள் இல்லம்மா. மத்ததைப் பாக்கலாம்."

"நூலகத் துறையில டைப் அடிக்க ஆள் இல்லன்னா எப்படி சார்?"

"ஒரு ஆளுக்காக..."

"ஒரு ஆளுக்காகத்தான் சார்."

அவர் பெருமூச்சு விட்டதை நான் பார்த்தேன். கோபமாகத்தான் போனார். நிகழ்ச்சி அன்று விளக்குகள் எரிந்தன. மைக் ஸ்டாண்டில் இருந்தது. டைப் அடிக்க யாரும் இல்லை. நான் முன்வரிசையில் உட்கார்ந்து, பேச்சாளர் தான் போட்டுக்காட்டிய படங்களைப் பார்க்கத் திரையின் பக்கம் திரும்பிய ஒவ்வொரு முறையும் கையைத் தூக்கினேன். முதலில் அவருக்கு எரிச்சல் வந்தது. பிறகு மறந்து மறந்து திரும்பினார். நானும் சளைக்காமல் தூக்கினேன். கடைசியில் அவர் திரையை விட்டு நகர்ந்து வந்து, எங்கள் பக்கம் பார்த்து நின்றுகொண்டு பேசத் தொடங்கினார்.