சம்பள நாளில் கூடிய கல்விக் குழு

அரசறிவியல் புத்தகத்தில் ஒரு வரைபடம் இருந்தது. உச்சியில் அமைச்சர். அவருக்குக் கீழே கல்வித் திணைக்களத்தின் தலைவரான வித்தியாதிபதி. அதற்குக் கீழே பிராந்தியக் கல்வி அலுவலகம். எல்லாவற்றுக்கும் அடியில் பாடசாலை. ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டி, புள்ளிக் கோட்டால் மட்டும் இணைக்கப்பட்டு: உள்ளூர் ஆலோசனைக் குழு.

புள்ளிக் கோடு ஏன் என்று வகுப்பில் கேட்டேன். அந்தப் பெட்டிக்கு அதிகாரம் இல்லை என்றார் விரிவுரையாளர். அது சொல்லலாம். கேட்பதும் கேட்காததும் மேலே இருப்பவர்கள் விருப்பம்.

அந்தப் பெட்டியை நேரில் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. விடுமுறைப் பயிற்சி வகுப்புக்காக நான் படிக்கும் பேராதனைக்கு வந்திருந்த ராயப்பன் என்ற தோட்டப் பாடசாலை ஆசிரியரை எனக்குத் தெரியும். கந்தப்பளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் அவர்தான் தலைமையாசிரியர். வேறு ஆசிரியர் இல்லாததால் அவரே எல்லாம். நவம்பர் பத்தாம் தேதி சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்குக் குழு கூடுகிறது, தன் பாடசாலை விஷயமும் வருகிறது, வந்து பாருங்கள் என்று எழுதியிருந்தார். போனேன்.

வெள்ளிக்கிழமை காலை பேராதனைச் சந்தியில் ரயில். மூன்றாம் வகுப்பு, நானுஓயா வரை இரண்டு ரூபாய் பத்துச் சதம். ஏறக்குறைய நான்கு மணி நேரம். இடப்பக்கம் உட்காருங்கள், வலப்பக்கம் உட்காருங்கள் என்று பலரும் சொல்வார்கள். ஹட்டன் வரை எங்கே உட்கார்ந்தாலும் ஒன்றுதான். அதற்குப் பிறகு மூடுபனி. இரண்டு பக்கமும் வெள்ளை. தலவாக்கலையில் ஒரு கணம் விலகியது. பச்சை. மறுபடி மூடியது.

நானுஓயாவிலிருந்து நுவரெலியா ஐந்து மைல். ரயில் வந்ததும் பஸ் நிற்கும், முப்பது சதம். அன்றிரவு கடைத்தெருவில் ஒரு விடுதியில் தங்கினேன். அறைக்கு மூன்று ரூபாய். இரண்டாவது கம்பளிக்கு ஐம்பது சதம் தனியாக. வாங்கிக்கொள்ளுங்கள். தைரியசாலிகளும் பாதி ராத்திரியில் கேட்டு வாங்குகிறார்கள் என்று விடுதிக்காரர் சொன்னார்.

சனிக்கிழமை பதினொரு மணிக்குக் கந்தப்பளை பஸ். ஏழு மைல், முப்பத்தைந்து சதம். பாதை வளைந்து வளைந்து ஏறுகிறது. ஒரு பக்கம் கோவா, லீக்ஸ் மரக்கறிப் பாத்திகள், மறுபக்கம் தேயிலை. பஸ் காலியாக இருந்தது. நடத்துனர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எந்த ஊர் என்று விசாரித்தார். கொழும்பு என்றேன்.

“அதான் இன்னைக்குப் போறீங்க. திரும்பி வர்றதுக்கு எடம் பாத்து வச்சுக்கங்க தம்பி. சம்பள நாளு.”

எனக்கு அது ஒரு தகவல் மட்டும். தலையாட்டினேன்.

கூட்டம் அரசாங்கப் பாடசாலை மண்டபத்தில். ராயப்பன் வாசலில் நின்றார். முப்பது வயதுக்காரர்; வெள்ளைக் கால்சட்டை, கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை, அதற்கு மேல் யாரோ பெரியவருடைய கோட்டு. என்னைப் பார்த்துச் சிரித்தார். சிரிப்பு சரியாக இல்லை.

விஷயம் இதுதான். அவருடைய பாடசாலை ஐந்தாம் வகுப்போடு முடிகிறது. டிசம்பரில் பதினொரு பிள்ளைகள் ஐந்தை முடிக்கிறார்கள். தமிழில் ஆறாம் வகுப்பு உள்ள பாடசாலை ஏழு மைல் தள்ளி, நகரத்தில். யாரும் அனுப்புவதில்லை, பெண் பிள்ளைகளை நிச்சயமாக இல்லை. ஜனவரியில் ஆறாம் வகுப்பு தொடங்காவிட்டால், அந்தப் பிள்ளைகளுடைய பேர் ஒவ்வொன்றாகத் தோட்டத்தில் வேலைக்குப் பதியப்படும். பேர் பதிந்த பிள்ளை பாடசாலைக்குத் திரும்பி வந்ததை அவர் பார்த்ததில்லை.

ஆறாம் வகுப்பை யார் அனுமதிப்பது? இங்கேதான் என் வரைபடம் தடுமாறியது. அரசாங்கம் பாடசாலைகளைப் பொறுப்பேற்று ஈராண்டு ஆகிறது. தோட்டப் பாடசாலைகளை எடுக்கவில்லை. கட்டடம் தோட்டத்தை நடத்தும் துரையுடையது. ஆசிரியர் துரையுடைய ஆள். பாடத்திட்டம் அரசாங்கத்தினுடையது. பரிசோதிப்பது பிராந்திய அலுவலகம். புதிய வகுப்புக்குக் கொழும்பு கையெழுத்திட வேண்டும். அதற்கு அலுவலகம் எழுத வேண்டும். அதற்குக் குழு சிபாரிசு செய்ய வேண்டும். அதற்குத் துரை இடம் தர வேண்டும். பிள்ளைகளின் தாய் தகப்பனை யாரும் கேட்க வேண்டியதில்லை. லயத்து வரிசை வீடுகளில் இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு வாக்கு இல்லை. குழுவில் நாற்காலியும் இல்லை.

குழுவில் ஏழு பேர். நான்கு பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். இரண்டரை மணிக்கு மூன்று பேர் இருந்தார்கள். தலைவர், ஓய்வுபெற்ற சிங்களத் தலைமையாசிரியர், மடியில் குடையை வைத்துக்கொண்டு. தேவாலயத்தின் பங்குச் சாமியார். ராயப்பனுடைய தோட்டத்துத் துரை, நடுவயதுப் பறங்கியர், புகைக்குழாயைப் பற்றவைக்காமல் கடித்தபடி. மற்ற மூவர் வருவதில்லை. நான்காவதாக வர வேண்டியவர் கடைவீதியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் சாகுல் முதலாளி.

அவர் வரமாட்டார் என்பது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். சம்பள நாளில் கடைக்காரர் கடையை விட்டு வருவாரா? நாளைக் குறித்தவருக்கு மட்டும் தெரியவில்லை. அவர் பிராந்திய அலுவலகத்தின் புதிய அதிகாரி, குழுவுக்கு வாக்கில்லாத செயலாளர், காலியிலிருந்து மாற்றலாகி வந்து மூன்று மாதம். இந்த நாள் வேண்டாம் என்று ராயப்பன் அப்போதே கடிதம் எழுதியிருந்தார். ஆனால் தோட்ட ஆசிரியர் அலுவலகத்துக்கு நேரே எழுதக் கூடாது, துரை வழியாகத்தான். கடிதம் துரையின் மேசையில் இருந்தது. நாள் வந்துவிட்டது.

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கூட்டத்தை ஒத்திவைக்கிறேன், அடுத்தது பெப்ரவரியில் என்று சிங்களத்தில் சொன்னார். நல்ல மனிதர். உண்மையாகவே வருந்தினார். ராயப்பன் கோட்டின் கீழ்ப் பொத்தானைப் போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார்.

தலைவர் எழுந்தார். முதலாளி வர முடியாவிட்டால் நாம் போவோம் என்றார். இந்த மண்டபத்தில்தான் கூட வேண்டும் என்று விதி இருக்கிறதா? அதிகாரி விதிப் புத்தகத்தைப் புரட்டத் தொடங்கினார். அவர் முடிக்கும்முன் தலைவர் குடையை விரித்துக்கொண்டு மழையில் இறங்கிவிட்டார். பின்னால் சாமியார். பின்னால் துரை. நாங்கள்.

கந்தப்பளைக் கடைவீதி நீளமில்லை. அன்றைக்கு அதைக் கடக்கக் கால் மணி நேரம் ஆனது. கம்பளி போர்த்திய பெண்கள், சாக்கை முக்காடிட்ட ஆண்கள், கருவாடு, மண்ணெண்ணெய், புதுத் துணியின் கஞ்சி வாசனை, எங்கேயோ ஒரு ரேடியோ. துரையைக் கண்டதும் கூட்டம் பிளந்தது. அவர் போனதும் சேர்ந்தது. அவருக்குக் கூச்சமாக இருந்தது என்று நினைக்கிறேன்.

சாகுல் முதலாளி கடையில் தராசுக்குப் பின்னால் இருந்தார். வியர்த்திருந்தார், அந்தக் குளிரிலும்.

“இன்னைக்கா கூட்டம்? யாருங்க இந்த நாள வச்சது?”

எல்லோரும் அதிகாரியைப் பார்த்தார்கள். அவருக்கு அவ்வளவு தமிழ் தெரியும்.

“கதவ இப்ப சாத்துனேன்னா அடுத்த மாசம் தொறக்கவே வேணாங்க,” என்றார் முதலாளி. “நீங்க இங்கயே பேசுங்க. கை ரெண்டுக்குந்தான் வேல. காது சும்மாதான் இருக்கு.”

அப்படியே நடந்தது. தலைவருக்கு ஒரு ஸ்டூல். சாமியார் நின்றார். துரைக்கு யாரோ மாவு மூட்டை ஒன்றைத் தட்டிப் போட்டார்கள். அவர் உட்கார்ந்தபோது வெள்ளையாக ஒரு புகை எழுந்தது. கடையிலிருந்த நாற்பது ஐம்பது பேரும் அவருடைய ஆட்கள். யாரும் சிரிக்கவில்லை. சிரிக்காமலிருக்கப் பட்ட பாடு தெரிந்தது.

அதிகாரி சிங்களத்தில் வாசித்தார். தலைவர் தமிழில் சொன்னார். ஒவ்வொரு வரிக்கும் நடுவில் முதலாளி பருப்பு நிறுத்தார். ஆறாம் வகுப்புக்கு மூன்று வேண்டும்: இடம், ஆசிரியர், பிள்ளைகள். ஆசிரியருக்கு ராயப்பன் பதில் சொன்னார். ஐந்து வகுப்பும் பகல் ஒரு மணியோடு முடிகின்றன, அதற்கு மேல் ஆறை எடுப்பேன். இடத்துக்குத் துரை பதில் சொன்னார், ஆங்கிலத்தில். தொழிலாளருக்கு அரிசி கொடுக்கிற அறை, அந்தக் காம்பரா, வாரத்தில் ஒரு நாள்தான் திறக்கிறது, மற்ற நாட்களில் எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் இடமல்ல பிரச்சினை என்றார். பிள்ளைகளே வரமாட்டார்கள். பெற்றோர்தான் அலுவலக வாசலில் வந்து நின்று பேர் போடச் சொல்லிக் கேட்கிறார்கள். அவர் வலிய யாரையும் பதிந்ததில்லை. இதைத் தமிழிலும் சொல்லிப் பார்த்தார். அவருடைய தமிழ் வேலை ஏவக் கற்ற தமிழ். அதில் விளக்கத்துக்குச் சொற்கள் குறைவு.

“நீங்கதானே வாறது. நீங்கதானே கேக்கறது. பொய்யா?”

முதலாளியின் கை நின்றது. துரை கேட்டது யாரை என்று தெரியவில்லை, எல்லோரையும்தான். கூடையை இடுப்பில் வைத்திருந்த ஒரு பெண் பதில் சொன்னார். பேச்சியம்மா என்று பிறகு தெரிந்தது. ஐந்தாம் வகுப்பில் படிக்கும் ஒரு பெண்ணின் தாய்.

“பொய் இல்லீங்க தொர. நாந்தான் வந்து கேட்டேன். மூத்தவளுக்குக் கேட்டேன், பதிஞ்சீங்க. அஞ்சு முடிஞ்ச புள்ள லயத்துல தனியா என்னாங்க செய்யும்? மலைக்குக் கொழுந்தெடுக்க வந்தா என் கண்ணு முன்னால நிக்கும். அதுக்குத்தான் கேட்டது. ஆறு இருந்தா சின்னவளுக்குக் கேக்க மாட்டேன்.”

அவ்வளவுதான். பிறகு முதலாளியின் பக்கம் திரும்பி, சீனியையும் போட்டுவிடச் சொன்னார்.

துரை குழாயை வாயிலிருந்து எடுத்தார். அவர் மனம் மாறியதா, கூச்சப்பட்டாரா, எனக்குத் தெரியாது. இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று. ஆனால் இப்போது சொல்ல வேண்டியது அவருடைய தமிழுக்கு எளிதாக இருந்தது.

“சரி. கொழும்பு பதில் வரவரைக்கும் இந்தப் பதினொரு பேரும் நான் பதிய மாட்டேன். யாரும் வந்து கேக்க வேணாம்.”

கூட்டக் குறிப்புப் புத்தகத்தின்படி அன்றைய தீர்மானம் வேறு: ஆறாம் வகுப்புக்குச் சிபாரிசு செய்வது. தலைவர் கை உயர்த்தச் சொன்னார். தலைவர், சாமியார், துரை. முதலாளி கரண்டியோடு கையைத் தூக்கினார்.

“கையத் தூக்குறப்ப தராசையும் சேத்துத் தூக்கிறாதீங்க மொதலாளி,” என்றார் பேச்சியம்மா. அப்போதுதான் கடை சிரித்தது. துரையும்.

நான் வாசலில், ஒழுகும் கூரைக்குக் கீழே நின்றேன். தீர்மானம் கொழும்புக்குப் போகும். அது புள்ளிக் கோடு. துரை சொன்னது எந்தக் கோட்டிலும் இல்லை. குழு மண்டபத்தில் கூடியிருந்தால் அவர் அதைச் சொல்லியிருக்கமாட்டார். யாரும் அவரைக் கேட்டிருக்கமாட்டார்கள். ஒரு தவறான நாளில் நடந்த சரியான காரியம். இதை விடைத்தாளில் எப்படி எழுதுவது என்று இன்றுவரை தெரியவில்லை.

திரும்ப பஸ் கிடைக்கவில்லை. நடத்துனர் சொன்னது சரி. ராயப்பன் வீட்டில் தங்கினேன். ரொட்டி, தொட்டுக்கொள்ள மிளகாய் இடித்த கட்டசம்பல். அவர் மனைவி ஸ்டெல்லா கூட்டத்தை முழுக்க அவரை மறுபடி சொல்லவைத்துக் கேட்டார், மாவு மூட்டைப் பகுதியை மட்டும் இரண்டு முறை.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். நானுஓயாவுக்குக் காலை ரயிலே நல்லது. கந்தப்பளையில் தங்குமிடம் இல்லை. நுவரெலியாவில் தங்கி ஏழு மைல் போய் வரலாம். பத்தாம் தேதியைத் தவிர்த்துவிடுங்கள், அல்லது அதற்காகவே போங்கள். குடை போதாது, மழைக்கோட்டு எடுங்கள். ரயில், பஸ், விடுதி எல்லாம் சேர்த்து எனக்கு ஒன்பது ரூபாய்க்குள் முடிந்தது. தோட்டத்துக்குள் போவதானால் முதலில் அலுவலகத்தில் சொல்லுங்கள். சொல்லிவிட்டால் யாரும் தடுப்பதில்லை.

தோட்டத்தின் பெயரை நான் எழுதவில்லை. இதை எழுதும் பெப்ரவரியில் கொழும்பிலிருந்து இன்னும் பதில் வரவில்லை. பதினொருவரில் ஒன்பது பேர் பகல் ஒரு மணிக்கு வருகிறார்கள் என்று ராயப்பன் எழுதியிருக்கிறார். இரண்டு குடும்பங்கள் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டன. சென்ற வாரம் அந்த அதிகாரி பரிசோதனைக்கு வந்தாராம். ஐந்து வகுப்புகளையும் பார்த்தார். எண்ணினார். கையெழுத்திட்டார். ஜீப்பை நோக்கி நடக்கும்போது அரிசிக் காம்பராவிலிருந்து பெருக்கல் வாய்ப்பாடு சத்தமாக வந்தது. நின்றார். கொஞ்சம் கேட்டார். பதின்மூன்றாம் வாய்ப்பாட்டில் ஓரிடத்தில் பிழை இருக்கிறது, திருத்திவிடுங்கள் என்று ராயப்பனிடம் மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அந்தப் பக்கம் போனால் ஆறாம் வகுப்பு எங்கே என்று யாரையும் கேட்காதீர்கள். அப்படி ஒன்று இல்லை. பகல் ஒரு மணிக்கு மேல் அரிசிக் காம்பரா வழியாக நடந்து போங்கள், போதும்.