தோளில் இருந்த கை

அந்தக் கையின் மணிக்கட்டில் சாயம் போன சிவப்புக் கயிறு இரண்டு சுற்றாகக் கட்டியிருந்தது. கட்டைவிரல் நகம் பாதி கறுத்திருந்தது. எங்கேயோ கதவிடுக்கில் நசுங்கியிருக்க வேண்டும். கைக்கு உரியவன் படத்தில் இல்லை. கை மட்டும் ஓரத்திலிருந்து நீண்டு, கட்டம் போட்ட சட்டைக்காரப் பையனின் தோளைப் பற்றியிருந்தது. சும்மா போட்ட கை இல்லை, இறுகப் பிடித்த கை. அதை நான் விரல் விரலாக அழித்தேன். அழித்த இடத்தில் சட்டையின் கட்டங்களை ஒன்றோடு ஒன்று பொருத்தி நிரப்பினேன். கால் மணி நேர வேலை. முடித்துவிட்டுப் பார்த்தபோது, அந்தத் தோளில் யாரும் எப்போதும் கை வைத்ததே இல்லை என்பது போல இருந்தது.

காரைக்குடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்சந்தில் இருக்கும் ஃபிளெக்ஸ் கடையில் டிசைன் செய்கிறவள் நான். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். தமிழ் டைப் பண்ணக் கற்றுக்கொண்டு, அதை வைத்தே இத்தனை வருஷம் ஓட்டிவிட்டேன். கல்யாணம், காதுகுத்து, பூப்புனித நீராட்டு விழா, கண்ணீர் அஞ்சலி எல்லாம் என் கை வழியாகத்தான் சுவருக்குப் போகும். வயசானவர்கள் இறந்தால் ஸ்டூடியோவில் எடுத்த படம் இருக்கும். இளவட்டங்களுக்கு அப்படி ஒன்று இருப்பதில்லை. திருவிழாவிலோ டூரிலோ எடுத்ததைத்தான் கொண்டு வருவார்கள். அதில் யாராவது ஒருவர் தோளில் கை போட்டிருப்பார். செத்தவர் தோளில் உயிரோடு இருப்பவர் கை இருப்பது ஆகாது என்பார் எங்கள் முதலாளி. ஆகவே கையை அழிப்பது என் வேலையில் பாதி. மீதிப் பாதி பயப்படுவது. தேதி சரியா, இறந்தவர் படத்தையும் அவர் தம்பி படத்தையும் மாற்றி வைத்துவிட்டேனா என்று வீட்டுக்குப் போகும் வழியில் நின்று யோசித்து, திரும்பி வந்து சிஸ்டத்தைப் போட்டுப் பார்த்த நாட்கள் உண்டு.

கட்டம் போட்ட சட்டைக்காரன் கண்டக்டர் அண்ணனின் மகன். கண்டக்டர் அண்ணன் கோட்டையூர் டவுன் பஸ்ஸில் நெடுநாள் இருந்தவர். அவர் குரல் தெரியாத ஆள் அந்தப் பக்கம் கிடையாது. “படியில தொங்குற மாப்பிள்ளைகளா, உள்ள வாங்க, உள்ள பொண்ணு பாத்து வச்சிருக்கேன்” என்பார். பஸ்ஸே சிரிக்கும், தொங்கியவர்கள் வெட்கப்பட்டு உள்ளே வருவார்கள். சாவு போஸ்டருக்கு எந்தத் தகப்பனும் நேரில் வர மாட்டார். மாமனோ மச்சானோதான் வருவார்கள். அன்றைக்கு அவரே வந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருந்தார். காக்கிச் சட்டையை மாற்றவில்லை, தோல்பை இன்னும் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. செல்போனை என்னிடம் நீட்டி, உட்காராமலே சொன்னார்:

“எழுதுத்தா. என் மகன் வலி மாத்திரையப் போதைக்குப் போட்டுச் செத்துப்போனான். இவங்கூடச் சுத்துன பிள்ளைக கையில அந்த மாத்திரை இருந்தா தொடாதீக. நான் யாரையும் பிடிச்சுக் குடுக்க மாட்டேன். எங்கிட்ட வாங்க. அம்புட்டுத்தான்.”

“அண்ணே, போஸ்டர்ல இப்படியெல்லாம் யாரும் போட மாட்டாகண்ணே” என்றேன்.

“அவனோட மாத்திரை போட்ட கூட்டாளிக யாரு எவருன்னு எனக்குத் தெரியாதுத்தா. தெரிஞ்சா வீடு வீடா நானே போயிருவேன். தெரியாதவுகளுக்குச் சொல்லத்தானே செவுத்துல ஒட்டுறோம்?”

அவர் போனதும் சொன்னபடியே டைப் செய்தேன்.  முதலாளி சிங்கம்புணரியில் ஒரு கல்யாணத்துக்குப் பேனர் கட்டப் போயிருந்தார். கடையில் நான் மட்டும். அப்போது கண்டக்டர் அண்ணனின் மச்சான் போன் செய்தார். “அந்தாளு புத்தி கலங்கிப் பேசுறாருத்தா. கல்யாண வயசுல பொண்ணு இருக்கு. இப்படி ஊரெல்லாம் ஒட்டுனா நாளைக்கு எவன் கட்டுவான்? மாரடைப்புன்னு போட்டு அனுப்பு.” நான் அந்தப் பெண்ணை நினைத்தேன். கடைக்குப் போலீஸ் வரும் என்று நினைத்தேன். முதலாளி என்னை வேலையை விட்டு அனுப்புவார் என்று நினைத்தேன். அந்த நான்கு வரியையும் அழித்துவிட்டு ‘மாரடைப்பால் இயற்கை எய்தினார்’ என்று போட்டேன். இருபத்திரண்டு வயதுப் பையனுக்கு. மச்சான் சொன்னார் என்று சொல்லிக்கொள்ளலாம்தான். ஆனால் மவுஸ் என் கையில் இருந்தது. போஸ்டர் போனதும் ஒரு டீ வாங்கிக் குடித்தேன். ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்று அன்றைக்கு எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. இன்றைக்கும் என்னால் தாங்க முடியாதது அந்த நிம்மதியைத்தான்.

ஒன்பதாம் நாள் வேறொரு போஸ்டருக்குப் படம் வந்தது. அனுப்பியது ஒரு பெண், இறந்தவனின் அக்கா. “ரெண்டு பேரு நிக்கிறாகல்ல, சோத்தாங்கைப் பக்கம் இருக்கிறவனை எடுத்துட்டு எங்க தம்பிய மட்டும் வையுங்க. மாரடைப்புன்னு போடுங்க” என்று போனில் சொன்னது. படம் திரையில் விரிந்தது. கட்டம் போட்ட சட்டை. தோளில் கை. சிவப்புக் கயிறு, கறுத்த நகம். இந்த முறை அந்தக் கைக்கு ஒரு முகம் இருந்தது. மீசை சரியாக முளைக்காத, கண்ணைச் சுருக்கிச் சிரிக்கிற முகம். கண்டக்டர் அண்ணன் செல்போனில் ஏற்கெனவே வெட்டியிருந்த படத்தின் முழுப்படம் இதுதான். இவனும் அதே மாத்திரையில்தான் போனான் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கூட்டாளி செத்தது எதனால் என்று இவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. ஊரெல்லாம் ஒட்டியிருந்த போஸ்டர் மாரடைப்பு என்று சொன்னது. அது என் போஸ்டர்.

அக்கா சொன்னபடி கட்டம் போட்ட சட்டைக்காரனை எடுத்தேன். எடுத்ததும் அந்தக் கை அந்தரத்தில் நின்றது. விரல்கள் ஒன்றுமில்லாததை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தன. அப்படியே போஸ்டர் போட முடியாது. ஆகவே அதே கையை இரண்டாம் முறையாக அழித்தேன்.

அதற்கடுத்த வாரம் கண்டக்டர் அண்ணன் கடைக்கு வந்தார். நானே முழுப்படத்தைத் திறந்து காட்டினேன்.  குனிந்து திரையைப் பார்த்தார்.

“இந்தப் பய எங்க வீட்டுல சோறு தின்னுருக்கான். இவனுந்தான்னு எனக்குத் தெரியாமப் போச்சே” என்றார். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: “நீ மாத்துனதை மூணாம் நாளே பாத்துட்டேன்த்தா. வேற அடிச்சு ஒட்டியிருக்கலாம்ல நானு? பொண்டாட்டி அழுதா, மக மூஞ்சியப் பாத்தேன், விட்டுட்டேன். நம்ம போட்டிருந்தா இவன் படிச்சிருப்பான்னும் சொல்ல முடியாது, படிச்சிருக்க மாட்டான்னும் சொல்ல முடியாது. அதை ரெண்டு பேரும் வச்சுக்கிற வேண்டியதுதான்.”

மன்னிப்பு என்று அதைச் சொல்ல முடியுமா தெரியவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்த நான்கு வரியைச் சின்ன நோட்டீஸாக என்னையே அடிக்கச் சொன்னார். அடிக்கும் முன் ஒவ்வொரு வரியையும் நான் வாய்விட்டுப் படிக்க வேண்டும். அந்த வருஷமே ஓய்வு பெற்றார்; பெற்ற பிறகும் கோட்டையூர் பஸ்ஸில் ஏறி, ஒவ்வொரு சீட்டாக அதைக் கொடுத்தார். சிலர் வாங்கி மடித்து வைத்துக்கொண்டார்கள். சிலர் ஜன்னல் வழியாகப் போட்டார்கள். டீக்கடையில் ஒருவர், “என்ன கண்டக்டரே, இப்ப மாத்திரைக்கு டிக்கெட் கிழிக்கிறீகளாமே?” என்றார். “ஆமா மாப்ள, திரும்பி வர்ற டிக்கெட். ஒங்க வீட்டுக்கு வேணாமுன்னா சொல்லுங்க, சந்தோசம்” என்றார் இவர்.  மாத்திரைக்குச் சிக்கிய பிள்ளைகளின் வீட்டாருக்காக இவர் சனிக்கிழமைதோறும் நடத்திய கூட்டத்துக்கு, அடுத்த வாரமே அப்படிக் கேட்டவரின் மனைவி வந்து கடைசி நாற்காலியில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தது.

கூட்டம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். மண்டபங்கள் கொடுக்கவில்லை, கோயில் பக்கத்தில் வேண்டாம் என்றார்கள். சர்ச்சுக்குப் பின்னால் இருந்த ஓட்டுக் கட்டடத்தைப் பாதிரியார் கொடுத்தார். முதல் சனிக்கிழமை மூன்று பேர்: கண்டக்டர் அண்ணன், ஓய்வு பெற்ற நர்ஸம்மா ஒருவர், நான். எழுப்பினால் எழுந்திரிக்காத ஆளை என்ன செய்வது என்று நர்ஸம்மா செய்து காட்ட ஒரு உடம்பு வேண்டியிருந்தது. பாயில் நான் படுத்தேன். “பேரைச் சொல்லித் தட்டிப் பாருங்க, மூச்சுப் பாருங்க, உடனே நூத்தியெட்டுக்குப் போன் போடுங்க. மூச்சு இருந்தா இப்படி ஒருக்களிச்சுப் படுக்க வையுங்க, வாந்தி எடுத்தாலும் புரையேறாது. தனியா விட்டுட்டுப் போகாதீக. தூங்கி எந்திரிச்சாச் சரியாயிரும்னு விட்றாதீக. வர்றவுககிட்ட என்னத்தப் போட்டான்னு மறைக்காமச் சொல்லுங்க” என்று என்னை உருட்டினார். நான் விறைத்துக் கிடந்ததைப் பார்த்து, “ஏத்தா, உசுரோட இருக்கிறவ இப்படிக் கிடந்தா நான் எதைச் சொல்லிக் குடுக்க?” என்றார். கண்டக்டர் அண்ணன் சிரித்தார். மகன் போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அந்தக் கட்டடத்துக்குள் அவர் வைத்த சட்டம் ஒன்றே ஒன்று. யாரும் தன் பிள்ளையை உருப்படாதவன், குடிகேடன் என்று சொல்லக் கூடாது. ஒரு அம்மா மறந்துபோய்ச் சொன்னபோது, “காய்ச்சக்காரனக் களவாணின்னா சொல்லுவீக? அப்படிச் சொன்னா அவன் எங்குட்டுப் போயி ஒளிவான்? கதவச் சாத்திக்கிட்டுத்தான் போடுவான். கதவச் சாத்திக்கிட்டுத்தான் சாவான்” என்றார். அவர் மகன் மாடி அறையைச் சாத்திக்கொண்டுதான் இறந்தான். அதைச் சொல்லும்போது அவர் குரல் பஸ் குரலாக இல்லை.

அந்த அம்மாவின் மகன் தண்ணீர் கேன் வண்டி ஓட்டுகிறவன். சில மாதங்கள் கழித்து ஒரு மத்தியானம் அவன் எழுப்பியும் எழவில்லை. உதடு நிறம் மாறியிருந்தது. அந்த அம்மா தெருவைப் பற்றி யோசிக்கவில்லை. போன் போட்டு, ஒருக்களித்துப் படுக்க வைத்து, வண்டியில் வந்தவர்களிடம் மாத்திரை அட்டையையே எடுத்துக் கொடுத்துவிட்டது. பிழைத்தான். பிறகு அரசு ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்துக்கொண்டான்; நடுவில் ஒரு முறை மறுபடி மாத்திரைக்கு வழுக்கி, திரும்ப ஆஸ்பத்திரிக்கே போனான். இப்போது சனிக்கிழமை நாற்காலி போடுவது அவன்தான்.

போன மழைக்காலத்தில் கண்டக்டர் அண்ணன் இறந்தார். கோட்டையூர் ஸ்டாப்பில், கையில் நோட்டீஸ் கட்டோடு பஸ்ஸுக்கு நின்றபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவில்லை. மறுநாள் அவர் மகள் வந்தது. கல்யாணமாகி, இடுப்பில் குழந்தையோடு. எல்லாம் தெரிந்துதான் மாப்பிள்ளை வீட்டார் கட்டியிருந்தார்கள். “அக்கா, மாரடைப்புன்னு போடுங்க” என்றது. நான் நிமிர்ந்து பார்த்தேன். “நெசமாவே மாரடைப்புதாங்க்கா” என்றது. இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, பிறகு அழுகை. அந்தச் சொல்லை எத்தனையோ வாலிபப் பிள்ளைகளுக்குப் பொய்யாகப் போட்ட என் கை, உண்மையாகப் போட வேண்டிய அன்றைக்கு முதல் எழுத்தையே மூன்று தடவை தப்பாக அடித்தது. டீக்கடையில் பலர் நம்பவில்லை என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

மகள் கொடுத்த படம் ஒரு சனிக்கிழமைக் கூட்டத்தில் எடுத்தது. அண்ணன் தோளில் ஒரு கை. தண்ணீர் கேன் தூக்கித் தூக்கிக் காய்த்துப்போன விரல்கள். முதலாளி எட்டிப் பார்த்து, “கையை எடுத்துரு, ஆகாது” என்றார். “எடுக்க மாட்டேன் முதலாளி” என்றேன். அவரிடம் நான் மறுத்துப் பேசியது அன்றைக்குத்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். அந்தக் கையோடேயே போஸ்டர் ஊரெல்லாம் நின்றது.

அன்றிலிருந்து எனக்குப் புதிதாக ஒரு பயம். உயிரோடு இருப்பவன் கையைச் செத்தவர் தோளில் விட்டுவைத்துவிட்டேன். காலையில் ஒன்பது மணிவாக்கில் அவன் வண்டி எங்கள் சந்தைத் தாண்டும். தாண்டும்போது அந்தக் கையைத் தூக்கிக் காட்டுவான். அதைப் பார்க்காமல் என்னால் ஒரு எழுத்து டைப் செய்ய முடியாது. போன வியாழக்கிழமை ஒன்பதரை ஆயிற்று, பத்தும் ஆயிற்று. வரவில்லை. போன் எடுக்கவில்லை. கண்டக்டர் அண்ணனின் போஸ்டரைத் திரையில் திறந்து வைத்துக்கொண்டு அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதினொன்றரைக்கு வண்டி வந்தது. “டயரு பஞ்சருக்கா” என்று கத்தினான். பிறகு எட்டித் திரையைப் பார்த்துவிட்டு, “என்னைய இன்னும் அழிக்கலையே?” என்று சிரித்தான்.

“அழிக்கலப்பா, போ” என்றேன்.

அவன் போன பிறகு பழைய முழுப்படத்தைத் திறந்தேன். அந்த அக்கா அனுப்பியது. அடிக்கடி திறப்பதுதான். இரண்டு பேரும் நிற்கிறார்கள். நான் இரண்டு முறை அழித்த கை அதில் அப்படியே இருக்கிறது. சிவப்புக் கயிறு, கறுத்த நகம். தோளை இன்னும் விடவில்லை.