பக்கத்து நாற்காலிக்கான வேண்டுதல்

எனக்குப் பொறாமை அதிகம். மறைத்து என்ன ஆகப்போகிறது? அடுத்த வீட்டில் தோசை நன்றாக வந்தாலே என் முகம் சுண்டிப்போகும். ஆனால் சாகக் கிடந்த ஒரு மனுசனுக்குக் கிட்னி கிடைத்ததற்காக வயிறெரிவேன் என்று நானே நினைத்ததில்லை.

என் வீட்டுக்காரர் கீரிப்பாறையில் ரப்பர் பால் வெட்டியவர். இரண்டு கிட்னியும் பழுதாகி, வாரம் மூன்று நாள் நாகர்கோவிலில் டயாலிசிஸ். காலை ஏழு மணிக்கு அவரை உள்ளே அனுப்பினால், வெளியே வரும் வரை வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலிதான் எனக்கு. முதல் நாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். பக்கத்து நாற்காலியில் இனயம் கடற்கரை ஊர்க்காரி ஒருத்தி ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். மீன்பிடிக்கக் கடலுக்குப் போய்வந்த அவள் புருஷனும் இப்போது உள்ளேதான் கிடந்தார்.

“ஏட்டி, கரையாத. உனக்க சாமி யாரு?” என்றாள்.

“இசக்கியம்மன்.”

“அப்ப கேளு. எனக்க மாப்பிளைக்கு நீ இசக்கிட்ட சொல்லு. உனக்க ஆளுக்கு நான் மாதாட்ட சொல்லுகேன். தனக்குத் தானே மனு குடுத்தா யாரு கவனிப்பா? வேற ஆளு சிபாரிசு பண்ணணும், கேட்டியா?”

அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டேன். அதுவே வழக்கமாகிவிட்டது. தக்கலையிலிருந்து மகனை டயாலிசிஸுக்குக் கூட்டி வரும் முஸ்லிம் அக்கா சேர்ந்தார். நெற்றியில் வெள்ளை நாமத்தோடு ‘அய்யா உண்டு’ என்று சொல்லிக்கொண்டே உட்காரும் அய்யாவழிக்கார அம்மாவும் சேர்ந்தார். அவரவர் சாமி, அவரவர் பாஷை. விதி ஒன்றே ஒன்றுதான்: உன் ஆளுக்கு நீ வேண்டக் கூடாது, பக்கத்து நாற்காலிக்காரியின் ஆளுக்குத்தான் வேண்ட வேண்டும். சொந்த நாத்தனார் போனை எடுக்காமலிருந்த காலம் அது. இவர்கள்தான் எனக்குச் சுக்குக் காப்பி கொண்டுவந்தார்கள்.

மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து கிட்னி கிடைக்க நாங்கள் இரண்டு பேருமே பதிந்து வைத்திருந்தோம். எங்கள் பெயர்தான் முந்தி. ஆனால் மதுரையிலிருந்து போன் வந்தது அவளுக்கு. ரத்த குரூப் அவள் புருஷனுக்குத்தான் பொருந்தியதாம். அவள் என்னைக் கட்டிப்பிடித்து, “நீ கேட்டதுதான் மக்கா, இசக்கி தந்துட்டா!” என்று அழுதாள்.

அந்த ஒரு சொல்தான் என்னைப் பொசுக்கியது. நான் கேட்டு அவளுக்குக் கிடைத்தது, சரி. அவள் கேட்டு எனக்கு என்ன கிடைத்தது? என் இசக்கி அவளுக்கு ஓடி ஓடி வேலை பார்த்திருக்கிறாள். அவள் ஒழுங்காக வேண்டியிருந்தால்தானே? ஜெபமாலையில் மூன்றாவது பத்து மணிகளை உருட்டும்போது அவள் தூங்கி விழுவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். “சந்தோசம்க்கா” என்று சொல்லிவிட்டுக் குழாயடிக்குப் போய் முகம் கழுவினேன். கழுவிக்கொண்டே இருந்தேன்.

அன்றைக்கே அவர்கள் மதுரைக்குப் போனார்கள், கிட்னியும் வைத்தாயிற்று. அடுத்த முறை நாற்காலியில் உட்கார்ந்ததும் விதியை மீறினேன். அவள் புருஷனை வேண்டுதலிலிருந்து தூக்கிவிட்டு என் ஆளுக்கே கேட்டேன். மற்றவர்கள் வீடியோ காலில் அவளிடம் பேசும்போது டீ வாங்கப் போய்விடுவேன். என்னைப் போனில் கூப்பிட்டாள், அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மூன்றாவது வாரம் வராந்தாவில் இருந்தபோது தெரியாத நம்பர் ஒன்று வந்தது. எடுத்தால் அவள்தான்.

“மக்கா, காய்ச்சலு விடல்ல. மூத்திரமும் கொறஞ்சு போச்சு. வச்ச கிட்னிய ஒடம்பு தள்ளுகுன்னு டாக்டர் சொல்லுகாரு.”

‘அப்பாடா’ என்றது என் மனசு. ஆமாம், அப்படித்தான் சொன்னது. ஒரு நொடிதான், ஆனாலும் சொன்னது. பிறகு உடம்பெல்லாம் கூசியது.

“நீ விடாம இசக்கிட்ட சொல்லுகியல்லா?”

பொய் சொல்லியிருக்கலாம். அந்தக் குரலிடம் முடியவில்லை. “இல்லக்கா. நீ போனதும் நிறுத்திட்டேன். எனக்கு வயித்தெரிச்சலு.”

போனை வைத்துவிடுவாள் என்றே நினைத்தேன்.

“தெரியும்டி. நீ போனு எடுக்காதப்பளே தெரியும். நானா இருந்தாலும் எரிஞ்சிருப்பேன்.” மூக்கை உறிஞ்சினாள். “ஆனா நான் நிறுத்தல்ல. செவ்வா, வியாழன், சனி ஏழு மணி ஆனா இங்க ஆஸ்பத்திரி படியில இருந்து உனக்க ஆளுக்கு ஜெபமாலை அம்பத்திமூணு மணியும் சொல்லுகேன். இன்னைக்கும் சொல்லியாச்சு.”

“தூங்கி விழாமலா?” என்று கேட்டேன்.

“போடி சவமே!” என்று சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையானது.

போனை வைத்துவிட்டு மற்றவர்களிடம் விஷயத்தைச் சொன்னேன். தக்கலை அக்கா கையேந்தினார். நாமக்கார அம்மா கண்ணை மூடிக்கொண்டார். நான் வராந்தாவென்றும் பார்க்காமல் வாய்விட்டே கூப்பிட்டேன்: “தாயே, அந்த மனுசனுக்கு ஒழுங்கா மூத்திரம் போவணும்.” யாரும் சிரிக்கவில்லை. பொறாமை போய்விட்டதா என்றால், இல்லை. அதையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேதான் வேண்டினேன்.

பதினொன்றரைக்கு என் வீட்டுக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். எங்கள் விதி அவருக்கும் தெரியும். ஒவ்வொரு தடவையும் கேலி செய்வார். அன்றைக்கும், “இன்னைக்காவது எனக்கு வேண்டினியா?” என்று கேட்டார்.

“இல்ல,” என்றேன். “உங்களுக்கு வேண்ட மதுரையில ஆளு இருக்கு.”