முண்டு வைக்காத பக்கெட்

உழவு மெஷினுக்கு முன்னால் மண் அள்ளும் பக்கெட் ஒன்றை நானே செய்து பூட்டினேன். பழைய இரும்புக் கடைக் குழாய்களில் அதைத் தாங்கும் கைகள். அவற்றைத் தூக்க, எங்கோ உடைத்த மெஷினிலிருந்து கழற்றிய எண்ணெய்ச் சிலிண்டர்கள். "புதுசா வாங்கலாமே" என்றவர்களிடம் வாய் கிழியப் பேசியிருந்தேன். என் வாய்க்கு எங்கள் ஊர் கல்முனைக்குடியில் அவ்வளவு நல்ல பெயர் இல்லை.

முதல் வெள்ளிக்கிழமை பக்கெட்டைத் தலைக்கு மேல் தூக்கி நிறுத்திவிட்டு ஜும்ஆவுக்குப் போனேன். திரும்பி வந்தபோது அது என் நெஞ்சளவில் நின்றது. யாரும் தொடவில்லை. சிலிண்டருக்குள் சீல் தேய்ந்து எண்ணெய் கசிகிறது என்பது அப்போதே விளங்கியது. ஆனாலும் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. நாலு பேர் சிரிப்பார்களே என்ற பயம்தான்.

அடுத்த வாரம் கைகளை இணைக்கும் குறுக்குக் குழாயில் வெடிப்பு விழுந்தது. வெல்டிங் செய்ய என் மனைவியின் தம்பி வந்தான். பக்கெட்டை உயர்த்தி, அடியில் மல்லாந்து படுத்தால்தான் வெடிப்பு கைக்கு எட்டும். பக்கெட்டை உயர்த்திவிட்டு மெஷினை நிறுத்தினேன்.

"மச்சான், இறங்காதுதானே? தாங்கிப் பிடிக்க அடியில ஒரு முண்டு குடுப்பமா?" என்று கேட்டான்.

"இறங்காது. நீங்க ஒட்டுங்க."

அடியில் படுத்து ஒட்டத் தொடங்கினான். வெல்டிங் முகமூடிக்குள் அவனுக்கு நெருப்பைத் தவிர வேறொன்றும் தெரியாது. நான் பக்கெட்டுக்கும் அவன் நெஞ்சுக்கும் நடுவில் இருந்த இடைவெளியையே பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டு முழம் இருந்தது ஒன்றரை முழமானது. ஒரு முழமானது. கூப்பிட்டால் எனக்கு முன்பே தெரியும் என்பது வெளிவந்துவிடும். இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம் என்றே நினைத்தேன். பாவி நான்.

சிலிண்டரில் 'புஸ்' என்று ஒரு சத்தம். அவன் இரண்டு கால்களையும் பிடித்து இழுத்தேன். முகமூடி மட்டும் கழன்று பக்கெட்டுக்குக் கீழே நொறுங்கியது.

இருவரும் மண்ணில் கிடந்தோம். "நீங்க இல்லாட்டி இப்ப இதில என்ட மையத்துதான் கிடந்திருக்கும், மச்சான்" என்றான். அந்த நேரமாவது சொல்லியிருக்க வேண்டும்.

அவன் உயிர் தப்பியதற்கு அவன் தாயான என் மாமியின் வீட்டில் ஆடு அறுத்துச் சோறு கொடுத்தார்கள். ஒரே பெரிய சஹன் தட்டைச் சுற்றி அவனும் நானும் இன்னும் நாலு பேரும் உட்கார்ந்தோம். நடந்ததை அவனே எல்லோருக்கும் சொன்னான்.

"மச்சான்ட கண் முழுக்க என்னிலதான் இரிந்த. அதாலதான் நான் உயிரோட இரிக்கன்."

தன் பக்கத்திலிருந்த நல்ல இறைச்சித் துண்டை என் பக்கம் தள்ளிவைத்தான்.

"தின்னுங்க மச்சான்."

தின்றேன்.